முப்பது மரத்துக்கு ஐந்து சதவீதம்

4 ஜனவரி 1997

முள்ளுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்திவிட்டு வந்து, வீட்டில் மருந்துச் சீட்டில் இருக்கும் பிழையையும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

பதின்மூன்று வருடமாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இன்று நானே எழுதுகிறேன் என்றால் அது வேலை விஷயம். நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் உன் ஆய்வகத்தில் யாரிடமாவது காட்ட வேண்டி வந்தால் புரியட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன்.

1981இல் நம் நிலையத்தின் கிழக்குத் தோட்டத்தில் முப்பது ஆரஞ்சு மரங்களுக்குக் கனமான நைட்ரஜன் கலந்த உரம் கொடுத்தோம். இயற்கையில் ஆயிரம் நைட்ரஜன் அணுக்களை எடுத்தால் நான்குக்கும் குறைவாகத்தான் கனமானவை இருக்கும். நாம் வாங்கிய உர உப்பில் ஆயிரத்துக்கு ஐம்பது, அதாவது ஐந்து சதவீதம். இலையிலோ பழத்திலோ கட்டையிலோ கனமானது இயற்கைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவும் நாம் கொடுத்த உரத்திலிருந்து வந்தது. முதல் இரண்டு வருடம் உன் கருவியின் முள் நன்றாக அசைந்தது. மூன்றாம் வருடம் அசையவில்லை. “மூன்றாம் ஆண்டில், இட்ட உரம் மரத்தில் எஞ்சவில்லை” என்று நான் அறிக்கை எழுதினேன். “எஞ்சலைன்னு எப்படிச் சொல்வே? நமக்குத் தெரியலை, அவ்வளவுதான்” என்றாய் நீ. கையெழுத்துப் போட மறுத்தாய். அந்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாய்.

அந்த வாக்கியம் அப்படியே அச்சாகி, அதிலிருந்து தோட்டக்காரர்களுக்கான கையேட்டுக்கும் போய்விட்டது. உரம் மரத்தில் தங்காது, அதனால் வருடா வருடம் முழு அளவும் போடு என்று.

போன மாதம் ஒரு தோட்டக்காரர் அந்தக் கையேட்டோடு என் அறைக்கு வந்தார். “அம்மா, ரெண்டு வருஷமா எனக்குக் கை இறுக்கம். பாதி உரம்தான் போட்டேன். காய்ப்பு ஒரு கூடைகூடக் குறையலை. அப்ப இத்தனை வருஷமா நான் கொட்டினதெல்லாம் எங்கேம்மா போச்சு?” என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சோதித்தேன். குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாத அளவு நைட்ரேட் இருந்தது.

கிழக்குத் தோட்டத்தை மார்ச் கடைசியில் வேரோடு எடுக்கப்போகிறார்கள். மரங்களுக்கு வயதாகிவிட்டது. அதற்குள் கட்டையில் துளை போட்டு மாதிரி எடுத்து அனுப்பினால், உன் கருவியால் பழைய உரத்தைப் பார்க்க முடியுமா? இப்போது நீ வைத்திருப்பது அந்தக் காலத்துக் கருவியைவிடப் பல மடங்கு நுட்பமானது என்று கேள்விப்பட்டேன். அடுப்படியில் நின்றாலும் காது கேட்கும்.

முடியாது என்றாலும் எழுது.

மண்புழு
(இந்தப் பெயரில் இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை)


24 ஜனவரி 1997

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் மறந்திருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். நீங்கள்தான் நடுவில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன், கோப்பு முழுமையாக இருக்கட்டும்.

எடை அறைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மாதம் விவாதித்தோம். நிலையம் கொடுத்த பணத்துக்கு முப்பது மரத்துக்கு ஐந்து சதவீத உப்பு வாங்கலாம். இல்லையென்றால் மூன்றே மூன்று மரத்துக்குத் தொண்ணூற்றைந்து சதவீதம் வாங்கலாம். நீங்கள் முப்பது என்றீர்கள். “ஒரு மரம் மாதிரி இன்னொரு மரம் இருக்காதுடி. மூணு மரத்தை வெச்சுக்கிட்டு ஊருக்கே உபதேசம் பண்ண முடியுமா?” நான் தொண்ணூற்றைந்து என்றேன். அஞ்சு சதவீதம் மரத்துக்குள்ளே போய்க் கரைந்து, மூன்றாம் வருடம் என் முள்ளுக்குத் தெரியாத அளவுக்கு வந்து நிற்கும் என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: தொண்ணூற்றைந்தைச் சாதா உப்போடு கலந்தால் ஐந்தாக்கிக்கொள்ளலாம், ஐந்தை எத்தனை கலந்தாலும் தொண்ணூற்றைந்து ஆகாது. நீங்கள் சிரித்தீர்கள். “சரி, நீ பயிற்சி முடிச்சு வா. வந்ததும் முடிவு பண்ணுவோம்” என்றீர்கள்.

கருவி பழுதுபார்க்கும் பயிற்சிக்கு இரண்டு மாதம் போனேன். திரும்பி வந்த அன்று அலமாரியில் பாட்டில்கள்.

“இதென்ன?”

“உப்பு.”

“எத்தனை?”

“அஞ்சு.”

“நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்?”

“விலைச் சீட்டோட தேதி முடிஞ்சிடும்னு…”

விலைச் சீட்டை நான் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் வாங்கிய நாளுக்கு மேல் மூன்று மாதம் தவணை இருந்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டீர்கள். எனக்கு அந்த ஐந்து சதவீதத்தைவிட அந்த முதுகுதான் கோபமூட்டியது.

அண்ணன் என் பக்கம் பேசுவான் என்று நினைத்தேன். அவன் உங்கள் அறிக்கையின் அச்சுப் படியைத் திருத்தி, ‘மூன்றாம் ஆண்டில்’ என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டுக் கொடுத்தான். “வாக்கியம் தப்புடா” என்றேன். “பொருளைத் திருத்தறது என் வேலை இல்லை” என்றான். அதற்கும் சேர்த்துத்தான் கிளம்பினேன்.

இப்போது வேலை. என் கருவி பார்க்கும். பார்க்க ஏதாவது இருந்தால். வெளியார் மாதிரிகளுக்கு இங்கே ஆறு மாத வரிசை. எனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் அறுபது மாதிரிகள் போடலாம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. அதனால் மீண்டும் அதே தலைவலி: நிறைய மரமா, ஒரு மரத்தில் நிறைய மாதிரியா? இந்தத் தடவை நீங்களே தேர்ந்தெடுங்கள், நான் ஊரில் இல்லை. உரம் கொடுக்காத மரங்கள் ஐந்தையாவது சேர்த்து அனுப்புங்கள். அவை இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

ஒரே ஒரு கேள்வி. அறிவியல் கேள்வி இல்லை. ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


9 பிப்ரவரி 1997

முள்ளு,

மாதிரிகள் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. மொத்தம் நாற்பத்தெட்டு. முப்பதில் பத்தொன்பது மரம்தான் உயிரோடு இருக்கிறது. 1986இல் வேர் அழுகல் வந்து பதினொன்று போய்விட்டன. பத்தொன்பதும், உரம் கொடுக்காத ஐந்தும். ஒவ்வொன்றிலும் கட்டை ஒன்று, இந்த வருட இலை ஒன்று. மீதிப் பன்னிரண்டு இடம் உனக்கு. சந்தேகம் வருவதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பாய் என்று தெரியும். நீ ஒரு எண்ணை ஒரு தடவையில் நம்பிய சரித்திரமே கிடையாதே.

அவசரமாக எடுக்க வேண்டியதாகிவிட்டது. மார்ச் கடைசி என்று சொன்ன இயக்குநர், இயந்திரம் வாடகைக்குச் சீக்கிரம் கிடைக்கிறது என்று பிப்ரவரி இருபதுக்கு மாற்றிவிட்டார். “பழைய மரத்துல துளை போட்டு என்னம்மா பண்ணப்போறீங்க?” என்றார். “ஒரு தப்பு பண்ணியிருக்கேன் சார், அது எவ்வளவு பெருசுன்னு பார்க்கணும்” என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மூன்று நாள் கொடுத்தார்.

துளையிடும் குழாயைக் கையால்தான் திருக வேண்டும். இருபத்து நாலு மரம். தோள்பட்டை இன்னும் என்னுடையதாக இல்லை. குழாயிலிருந்து கட்டை பென்சில் மாதிரி உருவி வரும்போது ஒரு வாசனை வந்தது. நாம் முதல் நாள் உப்பைக் கரைத்து ஊற்றினோமே, அன்று அடித்த அதே ஈர மண், அதே ஆரஞ்சுத் தோல் வாசனை. பூவாளியில் ஊற்றிவிட்டு நீ ஒவ்வொரு பூவாளியையும் மூன்று தடவை கழுவி, கழுவிய தண்ணீரையும் அதே மரத்தடியில் ஊற்றினாய். “ஒரு துளி வீணாகக் கூடாது, தங்கத்தைவிட விலை” என்றாய். ஐந்து சதவீதத்தின் மேல் அவ்வளவு கோபம் இருந்தும் அதன் ஒரு துளியைக்கூட நீ சிந்தவில்லை. அன்று அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எடை அறை இப்போது உதிரிச் சாமான் போடும் அறை. பளிங்கு மேடை மட்டும் இருக்கிறது. அதில்தான் மாதிரிகளைப் பரப்பிக் கட்டினேன். பழைய நாள் மாதிரியே உன் அண்ணன் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கழிவுத் தாளில் சுற்றியிருக்கிறேன். பன்னிரண்டாம் மரத்தின் உறையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் படி இருக்கும், மாப்பிள்ளை பெயரில் எழுத்துப் பிழை. நினைவிருக்கிறதா, பொட்டலம் பிரிக்கும்போது தாளில் இருக்கும் கதையைப் படித்துக்கொண்டு வேலையை விட்டுவிடுவாயே. ஒரு தொடர்கதையின் கடைசிப் பக்கம் எந்த மரத்து இலையில் போயிற்று என்று இரண்டு நாள் தேடினோம்.

வேலை இடத்தில் நான் உனக்கு ‘வாடி போடி’, வீட்டு வாசல் தாண்டினால் ‘அண்ணி’. நிலையத்து வாயிலில் நின்று “இந்தக் கோட்டைத் தாண்டினா நீங்க, இந்தப் பக்கம் வந்தா நீ” என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் காட்டுவாய். உன் கடிதத்தில் எத்தனை ‘நீங்கள்’ என்று உன் அண்ணன் எண்ணிப் பார்த்தார். தொகையைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உன் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்பது எனக்கே தெரிகிறது. முதலில் எண்கள் வரட்டும்.

மண்புழு


2 மார்ச் 1997

அண்ணி,

இருக்கிறது.

முதலில் இதை எழுதிவிட்டுத்தான் தேதியே போட்டேன். உரம் கொடுக்காத ஐந்து மரங்களும் நூறுக்கு 0.3668இலிருந்து 0.3676 வரை ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. ஏழாம் மரத்தின் கட்டை 0.3742. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். பழைய முள் அசைய இதைப்போல் மூன்று பங்கு வேண்டும், அதனால்தான் அன்று அது செத்த பாம்பு மாதிரி கிடந்தது. இந்தக் கருவி நான்காம் இலக்கத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் பிசகாது. நான் நம்பாமல் ஏழை மூன்று தடவை போட்டேன். 0.3742, 0.3741, 0.3743.

கட்டையில் மட்டும் இல்லை. இந்த வருடம் துளிர்த்த இலையிலும் இருக்கிறது! பதினாறு வருடமாக மரம் அதைக் கீழே விடவில்லை. இலை உதிரும் முன்னே திரும்ப உறிஞ்சிக் கட்டையில் வைத்துக்கொண்டு, அடுத்த வசந்தத்துக்கு எடுத்துக் கொடுத்து, மறுபடி வாங்கி வைத்து… உங்கள் தோட்டக்காரர் பாதி உரம் போட்டும் காய்ப்பு ஏன் குறையவில்லை என்பதற்கு இதுதான் பதில். மரம் சேமித்து வைத்துச் செலவழிக்கிறது. அதற்கு மேல் கொட்டியது கிணற்றுக்குப் போயிருக்கிறது. பத்தொன்பதில் பதினேழு மரத்தில் சந்தேகமே இல்லை.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

நான் அன்று தொண்ணூற்றைந்துக்கென்று மூன்று மரங்களைச் சுண்ணாம்பால் குறி வைத்திருந்தேன். நாலு, பதினொன்று, இருபத்திரண்டு. உங்கள் பட்டியலைப் பார்த்தேன். நாலும் பதினொன்றும் வேர் அழுகலில் போய்விட்டன. இருபத்திரண்டு இருக்கிறது, ஆனால் அதில் 0.3679. இருக்கிறதா இல்லையா என்று அந்த எண்ணே முழிக்கிறது. அந்த மரம் ஏன் அப்படி என்று தெரியவில்லை, கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கும் இடமோ என்னவோ. பிடுங்கிப் போட்டதில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதிலிருந்து இன்னொரு துண்டு அனுப்புங்கள். நான் சொன்னபடி செய்திருந்தால் இன்று என் கையில் ஒரே ஒரு மரம், அதுவும் ஊரோடு ஒத்துப்போகாத மரம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதியிருப்பேனோ! ஏழாம் மரத்துக்கும் இருபத்திரண்டாம் மரத்துக்கும் இத்தனை வித்தியாசம் என்று முப்பது மரத்துக்குக் கொடுத்ததால்தான் தெரிகிறது.

ஆக ஐந்து சதவீதம் சரி. ‘எஞ்சவில்லை’ தப்பு. நீ பாதி, நான் பாதி.

நீ என்று எழுதிவிட்டேன். அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே எதிர்க் கட்டடத்தின் குழாய்கள். கருவி அடித்தளத்தில். காலையில் மாடி இறங்கி, பேருந்து ஏறி, மறுபடி ஒரு படிக்கட்டு இறங்கி, நாள் முழுக்க வெளிச்சம் பார்க்காத வேலை. கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள். யாரோடும் சண்டை இல்லை. பதின்மூன்று வருடத்தில் ஒருவரோடும் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை என்று இந்த வாரம்தான் உறைத்தது. சண்டை போட ஆள் வேண்டாமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றைந்து கேட்டதற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் அது இல்லை. ஐந்து சதவீதம் என்றால் இரண்டு வருட வேலை. தொண்ணூற்றைந்து என்றால் பத்து வருடத்துக்குக் குறையாது. பத்து வருடம் காலையில் படிக்கட்டில் உட்கார்ந்து உன்னோடு பொட்டலம் பிரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நீ ஐந்தை வாங்கி வைத்ததும், இவளுக்கு என்னோடு இரண்டு வருடமே அதிகம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சின்னப்பிள்ளைத்தனம். அன்று எனக்கு இருபத்தெட்டு வயது, சின்னப்பிள்ளை என்றும் சொல்ல முடியாது.

கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அது அங்கேயே இருக்கிறது.

முள்


14 மார்ச் 1997

முள்ளு,

இருபத்திரண்டாம் மரம் இல்லை. எந்த மரமும் இல்லை, ஒரு துண்டுகூட இல்லை. பிப்ரவரி இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு இயந்திரம் வந்தது, மதியச் சாப்பாட்டுக்குள் கிழக்குத் தோட்டம் வெறும் குழியாகிவிட்டது. சங்கிலியைக் கட்டி இழுத்தால் மரம் ஒரு நிமிடம் தயங்குகிறது. பிறகு வந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க முடியாமல் நான் அறைக்குள் போய்விட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இப்பவாவது சொல்லிடேன்” என்றார். பதினாறு வருடமாக அவரை வாயைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது நான்தான். அந்தக் கோபத்தை அவர் மேல் வைக்காதே. அவர் உன் பக்கம் பேசாமல் இருந்தது என் பக்கம் பேசியதால் இல்லை. எதைப் பேசினாலும் அந்தச் செய்தி வாயில் வந்துவிடும் என்ற பயம்.

நீ பயிற்சிக்குக் கிளம்பிய வாரம் எனக்குத் தெரிந்தது, அப்போதே மூன்றாம் மாதம். மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் உனக்குத் தெரியும், நீதான் மருத்துவமனைக்குக் கூட வந்தாய். அப்போது எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லியிருந்தோம். சொல்வது சுலபம் முள்ளு. பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து, இல்லை, ஆகவில்லை என்று சொல்லும் வேலை இருக்கிறதே. தபால்காரரிடம்கூடச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இந்தத் தடவை வயிறு தெரியும் வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று உன் அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன். உன்னிடமும் சேர்த்துத்தான்.

டாக்டரம்மா, “அடுத்த வாரத்திலிருந்து படுக்கையிலேயே இருக்கணும். படி ஏறக் கூடாது, குனியக் கூடாது. குழந்தை பிறந்த பிறகும் ஒரு வருஷத்துக்குத் தோட்டம், மண்ணுன்னு பேசாதீங்க” என்றார். அன்று மாலை நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று மரத்துக்குத் தொண்ணூற்றைந்து வாங்கினால் பத்து வருடம் நானே கூட நின்று பார்க்க வேண்டும். ஒரு மரத்துக்கு ஏதாவது ஆனாலும் எல்லாம் போச்சு. முப்பது மரத்துக்கு ஐந்து என்றால் இரண்டு வருடத்தில் விடை வந்துவிடும். நான் இல்லாவிட்டாலும் யாராவது இலை பறித்து உன்னிடம் கொடுத்துவிடலாம். குழந்தை நடக்க ஆரம்பிப்பதற்கும் சோதனை முடிவதற்கும் சரியாக இருக்கும். அப்படித்தான் நானும் கணக்குப் போட்டேன். அடுத்த வாரம் எழுந்து உட்கார முடியாது என்பதால் அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் காரணத்தையும் எழுத வேண்டி வரும்.

ஐந்தாம் மாதம். நீ திரும்பி வந்து எடை அறையில் நின்று “என்ன அவசரம்” என்று கேட்டாயே, அன்று அந்த அவசரம் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பாட்டில்கள் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்திருந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது உன்னை அலட்சியம் செய்து இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

மூன்றாம் வருடம் முள் அசையாமல் கிடந்தபோது நீ சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எஞ்சவில்லை என்று எழுதுவது எனக்கு அன்று சுலபமாக இருந்தது. அந்தச் சொல் கையில் தயாராக இருந்தது. அதற்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

எண்களைப் பார்த்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தேழு வயதில் நாலு இலக்க எண்ணைப் பார்த்து யார் அழுவார்கள்.

மண்புழு


30 மார்ச் 1997

அண்ணி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அப்படியே அனுப்பிவிடுகிறேன், அண்ணனுக்குத் திருத்த நிறையக் கிடைக்கும்.

அன்று எடை அறையில் நடந்ததை என் முதல் கடிதத்தில் வரி வரியாக எழுதினேன், கோப்பு முழுமையாக இருக்கட்டும் என்று. முழுமையாக எழுதவில்லை. நான் கடைசியில் சொன்னதை விட்டுவிட்டேன். நீயும் உன் கடிதத்தில் அதை எழுதவில்லை. நீ மறந்திருப்பாய் என்று ஒரு நாள் முழுக்க நம்பப் பார்த்தேன்.

“எதையுமே கடைசி வரைக்கும் சுமக்கத் தெரியாது உனக்கு” என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணி. சத்தியமாகத் தெரியாது. சோதனையைத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன். உன் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலாம் இலக்கத்தில் வரும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று இங்கே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எதிரில் நிற்பவளைப் பார்க்கத் தெரியவில்லை.

நான் கிளம்பும்போது நீ வாசல் வரைகூட வரவில்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி வருவாய்?

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதனால் எழுதவில்லை. கொஞ்ச நாள் கோபமாக இரு. எனக்கு அது வேண்டியிருக்கிறது.

திருத்தக் குறிப்பு எழுதியிருக்கிறேன், கூட வைத்திருக்கிறேன். ஐந்து வரிதான். “மூன்றாம் ஆண்டில் எஞ்சவில்லை என்று நாங்கள் எழுதியது தவறு” என்று தொடங்குகிறது. நாங்கள் என்றுதான் போட்டிருக்கிறேன். நான் கையெழுத்துப் போடவில்லையே என்று வாதாடாதே. அன்று போடாமல் போனேன், இன்று போடுகிறேன். இருபத்திரண்டாம் மரம் விளங்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன், அதை எடுத்துவிடாதே. விளங்காதது ஒன்று இருக்கட்டும்.

மே மாதம் எனக்கு இருபது நாள் விடுமுறை இருக்கிறது. வரச் சொன்னால் வருகிறேன். அண்ணனிடம் கேட்க வேண்டாம், நீ சொல்.

இன்னொன்று. கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஐந்து மாதம் என்றால் பெயர் யோசித்திருப்பீர்களே? என்ன பெயர்?

முள்


15 ஏப்ரல் 1997

முள்ளு,

கோபமாக இருக்கச் சொல்லியிருக்கிறாய். இருந்து பார்த்தேன். மூன்று நாள் தாக்குப்பிடித்தது. அந்த வார்த்தை எனக்கு நினைவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நினைவிருந்தது. அதைச் சொன்னவள் தெரியாமல் சொன்னாள் என்பதும் கூடவே நினைவிருந்தது, அதனால்தான் வீட்டில் உன் போன் மணி அடித்தால் அடுப்படிக்குப் போனேனே தவிர, வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கதவை ஒரு விரற்கடை திறந்தே வைத்திருப்பேன். நீ இருமினால்கூடக் கேட்கும்.

குறிப்பை அனுப்பிவிட்டேன். உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது, இதில் உன் பேச்சு எடுபடாது. உன் அண்ணன் சிவப்பு மையோடு உட்கார்ந்தார். நெடுநேரம் படித்தார். ஒரே ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டார். “பொருள்?” என்று கேட்டேன். “பொருள் சரியா இருக்கு” என்றார். கையேட்டின் அடுத்த பதிப்பில் பாதி அளவு உரம் போதும் என்று வரும். இயக்குநர் முதலில் முகம் சுளித்தார். இத்தனை வருடம் தப்பாகச் சொன்னோம் என்று நாமே அச்சடிப்பதா என்றார். தோட்டக்காரர் வைத்துவிட்டுப் போன பாட்டிலைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன். “குடிங்க சார்” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தோட்டக்காரர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். நீங்க போட்டது எங்கேயும் போகலை, பாதி மரத்துலயே இருக்கு, மீதி உங்க கிணத்துல இருக்கு, தப்பு என்னோடது என்றேன். அவர் கோபப்படுவார் என்று தயாராகத்தான் போனேன். “மரத்துக்குள்ள இருக்குன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். எனக்கு நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னேன். அந்தச் சொல்லை வெளியாளிடம் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

பின்கட்டு அறையைக் காலி செய்திருக்கிறோம். ஜன்னலுக்கு எதிரில் குழாய் எதுவும் இல்லை. வெயில் வரும். மே மாதம் வா. இருபது நாளும் இரு. சண்டை போட ஆள் இல்லை என்று குறைப்பட்டாயே, இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.

பெயர் கேட்டிருக்கிறாய்.

யோசித்திருந்தோம். பெண் என்று எங்களுக்குள் ஒரு நிச்சயம். நான் ஒன்று சொல்ல, அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்து, யாரும் பிழையாக எழுத முடியாத பெயர் வேண்டும் என்று இன்னொன்று சொன்னார். அதுவே முடிவாயிற்று. அதன் பிறகு அவர் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அச்சுப் படியில் அந்தப் பெயர் எங்காவது வந்தால், அந்தப் பக்கத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிடுவாராம். அந்த மனிதரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அதனால் இதில் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தையும் உறையில் போடும் முன் அவர் படிப்பார்.

நீ வா. காதில் சொல்கிறேன்.

அண்ணி